"பார்க்கவில்லை" என்பதை எப்படி அளப்பது?

நனவிலி மனத்தை ஆராயும் கூடத்தில் கருவிகளைவிட அதிகம் பாடுபடுத்துவது ஒரே கேள்விதான்: பங்கேற்பாளர் அந்தச் சொல்லை உண்மையிலேயே பார்க்கவில்லையா?

திரையில் ஒரு சொல் கண நேரம் தோன்றும். உடனே அதே இடத்தில் எழுத்துக் குவியல் வந்து மூடிவிடும். அடுத்து வரும் சொல் முதல் சொல்லோடு பொருளில் நெருங்கியதாக இருந்தால் பொத்தானை அழுத்தும் விரல் சற்றே முந்தும். 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு சட்டகம் 16.7 மில்லிவினாடி. ஆகவே 16.7 அல்லது 33.3 காட்டலாம், நிரலில் 25 என்று எழுதினாலும் திரை 25 காட்டாது. ஒளி உணரியைத் திரையில் ஒட்டிச் சரிபார்க்காத முடிவுகளை நாங்கள் நம்புவதில்லை.

அதைவிடக் கடினமானது பார்வைச் சோதனை. "பார்த்தீர்களா?" என்றால், மங்கலாகப் பார்த்தவரும் தயங்கி "இல்லை" என்பார். அதனால் இரண்டு சொற்களைக் கொடுத்து, திரையில் தோன்றியது எது என்று கட்டாயம் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறோம். வெறும் ஊகத்திலேயே கிடைக்கும் 50 சதவீதத்தைத் தாண்டாதவர் பார்க்காதவர் என்பது கணக்கு. கண்ணி இங்கேதான் இருக்கிறது. சராசரியாக 60 சதவீதம் சரியாகச் சொல்லக்கூடியவர்களிடம் 40 முறை மட்டும் கேட்டால், பத்தில் ஒருவருக்கு மேல் தற்செயலாக 50 அல்லது அதற்குக் கீழே நிற்பார்கள். அவர்களைப் பிரித்தெடுத்து மறுபடி சோதித்தால் மதிப்பெண் ஏறிவிடும். முயற்சிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியில் ஆட்களைத் தேர்ந்து, மறுபாதியில் அளப்பதே நேர்மையான வழி.

நரம்பியல் ஆய்வாளர் பெஞ்சமின் லிபெட் 1983-இல் வெளியிட்ட, தோன்றும்போது விரலை அசைக்கச் சொன்ன சோதனையும் இதே இடத்தில்தான் தடுமாறுகிறது. விரல் அசைவதற்குச் சுமார் 550 மில்லிவினாடி முன்பே மூளை அலை எழுந்தது. எண்ணம் எழுந்ததாகப் பங்கேற்பாளர் சொன்னதோ சுமார் 200 மில்லிவினாடி முன்பு. முதல் எண்ணை மின்முனை தந்தது. இரண்டாவது, கடிகாரம்போல் சுழலும் ஒளிப்புள்ளியைப் பார்த்து மனிதர் சொன்ன வாய்மொழி.

உளவியலாளர்கள் நிஸ்பெட்டும் வில்சனும் 1977-இல் எழுதிய கட்டுரையில் வேறொரு பாதை தெரிகிறது. ஒரே மாதிரியான 4 காலுறைகளில் வலக்கோடியில் இருந்ததை 40 சதவீதம் பேர் தேர்ந்தார்கள். இடக்கோடியை 12 சதவீதம். காரணம் கேட்டபோது இடத்தை யாரும் சொல்லவில்லை. காலுறைகளை அடுக்கியவர்கள் ஆய்வாளர்களே என்பதால் அந்தக் காரணம் பிடிபட்டது. ஒருவருடைய பழைய அச்சத்தை அப்படி யாரும் அடுக்கி வைத்ததில்லை. அதை 40 முறை திரும்ப நிகழ்த்தவோ, அது நேராத இன்னொரு வாழ்வை அருகில் வைத்து ஒப்பிடவோ எங்கள் கூடத்தில் வழியில்லை.