ஸ்டன்ட் வண்டி மெக்கானிக் பார்த்த இரண்டு வகை ஆட்கள்

பைக் ஸ்டன்ட் செய்கிற ஒருவர் ஆசைக்குச் செய்கிறவரா, தொழிலாகச் செய்கிறவரா என்று கண்டுபிடிக்க அவர் ஓட்டுவதைப் பார்க்க வேண்டும் என்பதில்லை. வண்டியை நிறுத்திவிட்டு மெக்கானிக்கிடம் முதலில் என்ன கேட்கிறார் என்பதிலேயே பாதி தெரிந்துவிடும். சென்னையில் ஸ்டன்ட் ஷோ குழுக்களுக்கும், அப்புறம் சினிமா யூனிட்டுகளுக்கும் பல வருடம் வண்டி தயார் செய்து கொடுத்தவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன். பையன்கள் வந்தால் கேட்பது பிக்கப். "அண்ணா, கிளட்ச்ச விட்டா டக்குன்னு தூக்கணும்." அடுத்தது சைலன்ஸர் சத்தம். பின் பிரேக்கைப் பற்றி ஒரு வார்த்தை வராது. பேட் தேய்ந்து இரும்பு டிஸ்க்கை உரசிக்கொண்டிருக்கும், அதைக் காட்டினாலும் "அது அப்புறம் மாத்திக்கலாம்ணா" என்பார்கள். ஷோ ஓட்டுகிறவர்கள் குனிந்து பின் பிரேக் காலிப்பரைப் பார்த்த பிறகுதான் மற்றதைப் பேசுவார்கள்.

இதைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்ல வேண்டும். முன் சக்கரம் எழும்ப எழும்ப, வண்டியும் ஆளும் சேர்ந்த எடை பின்னோக்கி நகர்ந்துகொண்டே போகும். ஒரு கோணத்தில் அந்த எடை, பின் டயர் தரையைத் தொடுகிற இடத்துக்கு நேர் மேலே வந்து நிற்கும். பேலன்ஸ் பாயின்ட் என்போம். அதற்குக் கீழே இருக்கிறவரைக்கும் முன் சக்கரம் இறங்காமல் இருக்க ஆக்சிலேட்டரைத் திருகிக்கொண்டே இருந்தாக வேண்டும், அதனால் வேகம் ஏறிக்கொண்டே போகும். ஈசிஆரிலும் மெரினா பக்கமும் ராத்திரி நேரத்தில் பையன்கள் செய்கிற வீலிங் பெரும்பாலும் இந்த வகைதான். பார்க்கிறவனுக்குப் பயங்கரமாக இருக்கும், ஆனால் ஓட்டுகிறவன் கையில் வண்டி இல்லை, வண்டி கையில்தான் அவன் இருக்கிறான். பழகியவர்கள் அந்தப் புள்ளி வரை கொண்டுபோய் அங்கேயே நிறுத்திவைப்பார்கள். அங்கே ஆக்சிலேட்டருக்கு வேலை குறைவு. கொஞ்சம் பின்னால் சாய்கிறதா, பின் பிரேக்கில் ஒரு தொடு, முன்பக்கம் இறங்கும். அதிகமாக இறங்கிவிட்டதா, லேசாக ஒரு ரேஸ். இப்படியே ஆள் நடக்கிற வேகத்தில், ஒரு பேட்மின்டன் கோர்ட் அளவு இடத்துக்குள் ஒற்றைச் சக்கரத்தில் வட்டம் போட்டுக்கொண்டிருப்பார்கள். முதல்முறை பார்க்கிறவர்கள் சில பேர் "என்ன இவ்வளவு மெதுவா ஓட்டுறாரு" என்று ஏமாந்துபோவதைப் பார்த்திருக்கிறேன். மெதுவாக ஓட்டுவதுதான் கஷ்டம். உலகப் பட்டங்கள் வென்ற ஜெர்மனிக்காரர் கிறிஸ் ஃபைஃபர் ட்ரையல்ஸ் போட்டிகளிலிருந்து வந்தவர். பாறை மேலும் மரக்கட்டை மேலும் கால் ஊன்றாமல் ஊர்ந்துபோகிற போட்டி அது, வேகத்துக்கு அங்கே மதிப்பே கிடையாது.

ஆகவே ஷோ வண்டியில் நாங்கள் செய்கிற வேலை எல்லாமே இந்த மெதுவுக்காகத்தான். கம்பெனியில் வரும்போது 40 சொச்சம் பல் இருக்கிற பின் ஸ்ப்ராக்கெட்டை, அதாவது செயின் ஓடுகிற பல்சக்கரத்தை, கழற்றிவிட்டு 60-ஐ ஒட்டியோ அதற்கு மேலேயோ பல் உள்ளதைப் போடுவோம். வண்டியின் உச்ச வேகம் போய்விடும், ஆனால் குறைந்த வேகத்திலேயே முன்பக்கம் லேசாக எழும்பும். டேங்க் மேல் ஏறி உட்காரும்போதோ ஹேண்டில்பாருக்கு முன்னால் காலைத் தொங்கவிடும்போதோ கால் பிரேக் எட்டாது, அதனால் கிளட்ச் லீவருக்குக் கீழே இன்னொரு லீவர் வைத்துப் பின் பிரேக்கைக் கைக்கும் கொண்டுவருவோம். என்ஜினைச் சுற்றி இரும்புக் கேஜ். சீட்டுக்குப் பின்னால் ஒரு கம்பி, அளவுக்கு மீறிச் சாய்ந்தால் அது முதலில் தரையில் உரசும். ஐட்லிங்கைத் தூக்கிவைப்போம், பின் டயரில் காற்றைக் குறைப்போம். நிறைய பேருக்குத் தெரியாத விஷயம் ஆயில். வண்டி நிமிர்ந்தபடியே ரொம்ப நேரம் இருந்தால் ஆயில் எல்லாம் பின்பக்கம் ஓடிவிடும், பம்ப் காற்றை உறிஞ்ச ஆரம்பிக்கும், மேலே வால்வைத் திறந்து மூடுகிற கேம் பக்கம் காய்ந்துபோகும். ஷோ ஓட்டுகிறவர்கள் நடுநடுவே சக்கரத்தை இறக்கி என்ஜினுக்கு மூச்சு விடுவார்கள். பையன்களுடைய ட்யூக்கும் பல்சரும் மேல்பக்கம் கடகட சத்தத்தோடு கடைக்கு வந்து சேரும், ஏன் என்று கேட்டால் "சும்மாதாண்ணா ஓட்டுனேன்."

இன்னொன்று, ஷோ வண்டி ரோட்டில் ஓடாது. குட்டியானையில் ஏற்றிக் கொண்டுபோய் இறக்குவார்கள், முடிந்ததும் ஏற்றிக் கட்டிவிடுவார்கள். ஹெட்லைட் இருக்காது, பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கிற ஏபிஎஸ் இருக்காது. பையன்களும் "ஏபிஎஸ் ஃபியூஸை எடுத்துடுங்கண்ணா, ஸ்டாப்பி வர மாட்டேங்குது" என்று வருவார்கள் (முன் பிரேக்கைப் பிடித்துப் பின் சக்கரத்தைத் தூக்குவதுதான் ஸ்டாப்பி), ஆனால் அவர்கள் அதே வண்டியில்தான் நாளைக்குக் காலையில் தங்கச்சியைப் பின்னால் உட்காரவைத்துக் கல்லூரியில் இறக்கிவிடப் போக வேண்டும். நான் செய்து கொடுத்ததில்லை. பக்கத்துக் கடையில் செய்து கொடுத்தார்கள், அது வேறு கதை.

காசு வாங்கினால் புரொஃபஷனல், வாங்காவிட்டால் அமெச்சூர் என்று சொல்வதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 2023 செப்டம்பரில் காஞ்சிபுரம் பக்கம் நெடுஞ்சாலையில் வீலிங் செய்து விழுந்து கைதான யூடியூபர் யார் என்று எல்லோருக்கும் தெரியும். அவருடைய லைசென்ஸைப் 10 வருடத்துக்கு ரத்து செய்தார்கள். ஒரு வீடியோவில் அவருக்குக் கிடைத்திருக்கக்கூடிய பணத்துக்கு ஒரு ஷோ ஓட்டுநர் எத்தனையோ ஊர் சுற்ற வேண்டும். அதே வருடம் தீபாவளிக்குத் திருச்சிப் பக்கம் வண்டியில் வாணவெடியைக் கட்டிக்கொண்டு வீலிங் செய்ததும் வீடியோவுக்காகத்தான். இந்தப் பக்கம் எனக்குத் தெரிந்து காலி மைதானத்தில் ஹெல்மெட், முட்டிக் காப்பு, பூட்ஸ் எல்லாம் போட்டுக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைதோறும் பழகுகிற பையன்கள் இருக்கிறார்கள், ஒரு பைசா கிடையாது, அவர்கள் பழகுகிற விதத்தைப் பார்த்தால் தொழில்காரர்களைவிடக் கறாராக இருக்கிறது. அமெச்சூர் என்பது கெட்ட வார்த்தை இல்லை.

எனக்குப் பட்ட பெரிய வித்தியாசம் வேறு. வீடியோவுக்குச் செய்கிறவன் நாள் முழுக்க முயன்று, சரியாக வந்த ஒன்றை மட்டும் காட்டினால் போதும். ஷோவில் அப்படி முடியாது. சாயங்காலம் 4 மணிக்குச் செய்ததை 6 மணிக்கும் செய்தாக வேண்டும், வெயிலோ காற்றோ, தலைவலியோ. அதனால் ஷோக்காரர்கள் பத்துக்கு எட்டுத் தடவை வருகிற வித்தையைப் புரோகிராமில் சேர்க்கவே மாட்டார்கள். கண்ணை மூடிக்கொண்டு செய்யும் அளவுக்குப் பழகியதை மட்டும் மேடைக்குக் கொண்டுவருவார்கள். அவர்களால் முடிந்ததில் ஒரு பங்கைத்தான் ஜனங்கள் பார்க்கிறார்கள். ரோட்டுப் பையன் தன்னால் முடிந்ததற்கு ஒரு படி மேலே உள்ளதைத்தான் எப்போதும் காட்டப் பார்ப்பான், அதுவும் ஃப்ரெண்டு ஒருத்தன் போனைத் தூக்கிப் பிடித்த பிறகு.

ராணுவக் குழுக்களைப் பார்த்தால் இது நன்றாகத் தெரியும். 2017 நவம்பரில் பெங்களூரு எலகங்கா விமானப்படைத் தளத்தில் டொர்னடோஸ் குழு ஒரே 500 சிசி என்ஃபீல்டில் 58 பேரை ஏற்றிக்கொண்டு 1,200 மீட்டர் போனது. அதில் வேகமும் கிடையாது, எகிறலும் கிடையாது. யார் எங்கே நிற்க வேண்டும், யார் முதலில் ஏற வேண்டும் என்பதில்தான் உழைப்பு முழுக்க இருந்திருக்கும்.

கரூர் பக்கம் ஒரு ஊரில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு டீலர் ஏற்பாடு செய்த ஷோ. போய்ப் பார்த்தால் தரை முழுக்கச் சிமெண்டுக் கல் பதித்த இடம், ஒரு மூலையில் கல் எழும்பி நிற்கிறது, இடுக்கெல்லாம் நைசான மணல். எங்கள் குழுவின் மூத்த ஓட்டுநர் வண்டியை இறக்கவே இல்லை. செருப்பைக் கழற்றிவிட்டு அந்த இடம் முழுக்க வெறுங்காலோடு நடந்தார். அப்புறம் வந்து, "ஸ்டாப்பி கிடையாது, வீலிங்கும் அந்தப் பக்கம் கிடையாது, இந்த ஓரத்துல மட்டும் சர்க்கிள் பண்றேன், பர்ன்அவுட் பண்றேன்" என்றார். பர்ன்அவுட் என்றால் நின்ற இடத்திலேயே பின் டயரைச் சுழற்றிப் புகை கிளப்புவது. டீலர் தரப்பில் ஒரே சத்தம். போஸ்டரில் ஸ்டாப்பி படம் போட்டிருக்கிறார்களாம், ஆட்கள் அதைப் பார்க்கத்தான் வந்திருக்கிறார்களாம். முன் பிரேக்கைப் பிடித்துப் பின் சக்கரத்தைத் தூக்கும்போது மொத்த எடையும் முன் டயரின் உள்ளங்கை அளவு ரப்பரில் நிற்கும், அங்கே மணல் இருந்தால் சக்கரம் வழுக்கி வண்டி ஒருபக்கம் உட்கார்ந்துவிடும். இதை அவர் நிதானமாக விளக்கினார். கேட்டவர்களுக்குப் புரிந்ததா தெரியவில்லை, "பயமா இருக்கா" என்று ஒருத்தர் கேட்டார். அவர் சிரித்துக்கொண்டே "ஆமா சார்" என்றார். அவ்வளவுதான். பேசிய தொகையில் பிடித்துக்கொண்டுதான் கொடுத்தார்கள், அதையும் வாங்கிக்கொண்டு வந்தோம். எந்தப் பையனிடமாவது அந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால் அவன் உடனே வண்டியை ஸ்டார்ட் செய்திருப்பான்.

சினிமா வேறு மாதிரி. அங்கே ஸ்டன்ட் செய்கிற ஆளுக்கு, அதாவது ஃபைட்டருக்கு, ஷோக்காரருக்கு இருக்கிற வசதிகூட இல்லை. ஹீரோ மெல்லிசான சட்டையில் இருந்தால் டூப்பும் அதே சட்டையில்தான் இருக்க வேண்டும், ஹீரோவுக்கு ஹெல்மெட் இல்லையென்றால் டூப்புக்கு விக்தான். பேன்ட்டுக்குள் முட்டிக் காப்பு, சட்டைக்குள் முடிந்தால் ஏதாவது ஒரு பேட். குறைகிற பாதுகாப்பை ரோப்பும் ஒத்திகையும் அட்டைப்பெட்டி அடுக்கும் ஈடுகட்ட வேண்டும். ஒரே மாதிரி வண்டி இரண்டு மூன்று வைத்துக்கொள்வார்கள். ஹீரோ உட்கார்ந்து க்ளோஸப் எடுக்க ஒன்று, தாண்டுவதற்குச் செட்டப் செய்தது ஒன்று, விழுந்து நொறுங்க ஒன்று. தாண்டுகிற வண்டியில் பெட்ரோல் கொஞ்சம்தான் ஊற்றுவேன், விழுந்தால் தீப்பிடிக்கிற பயம்தான் காரணம். முன் ஃபோர்க்கைக் கெட்டியாக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒரு இறங்கலிலேயே சீல் பிய்ந்து ஆயில் கொட்டும். நல்ல ஃபைட்டர் முதலில் சின்னத் தூரம் தாண்டிப் பார்ப்பார், ராம்ப்பை எந்த வேகத்தில் தொட்டால் எங்கே இறங்குகிறது என்று பார்த்துப் பார்த்துத் தள்ளிக்கொண்டே போவார். ஒவ்வொரு தடவையும் இறங்கிய இடத்தில் ஒரு பையன் சாக்பீஸில் கோடு போடுவான்.

ஆனால் இங்கேதான் எனக்கு ஒரு உறுத்தல். தொழில்காரன் 'முடியாது' என்று சொல்லத் தெரிந்தவன் என்று மேலே பெருமையாகச் சொன்னேன் இல்லையா, தினக்கூலி வாங்குகிற ஒரு ஃபைட்டரால் நூறு பேர் காத்திருக்கும்போது, வெளிச்சம் போய்க்கொண்டிருக்கும்போது, அதை அவ்வளவு சுலபமாகச் சொல்ல முடிவதில்லை. சொன்னால் அடுத்த படத்துக்குக் கூப்பிடுவார்களா என்கிற பயம் இருக்கும். "இன்னொரு டேக் போலாமா" என்று குரல் வரும்போது அவர் ஸ்டன்ட் மாஸ்டர் முகத்தைப் பார்ப்பார். மாஸ்டர் "போதும், வண்டி தாங்காது" என்று சொல்கிற ஆளாக இருந்தால் தப்பித்தார். வண்டி தாங்கும் என்று எனக்குத் தெரிந்திருந்தும் நான் வாயைத் திறக்காமல் நின்ற நேரங்கள் உண்டு.

பொருட்காட்சி மரணக் கிணறு ஓட்டுகிறவர்களை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று கேட்டால், தயங்காமல் தொழில்காரர் கணக்கில்தான் சேர்ப்பேன், ஹெல்மெட் போடாததற்குத் திட்டிக்கொண்டே. பழைய ஆர்எக்ஸ் 100-ஐ வைத்துக்கொண்டு ஒரு நாளைக்கு எத்தனையோ ஆட்டம் ஓட்டுகிறார்கள். என்ஜின் ஒரு நொடி இருமினாலும் சுவரிலிருந்து கீழே வர வேண்டியதுதான், அதனால் கார்புரேட்டரை அவர்களே கழற்றித் துடைப்பார்கள், என்னை மாதிரி ஆளைத் தொடவிடுவதில்லை.

தெருவிலிருந்து ஷோவுக்கு மாறியவர்களும் இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்த இரண்டு பையன்கள் ஒரே சமயத்தில் ஒரு குழுவில் சேர்ந்தார்கள். இருவருக்கும் வீலிங் நன்றாகவே வரும், கை சுத்தம். சேர்ந்ததும் கையில் கொடுத்தது விளக்குமாறு. மைதானத்தைப் பெருக்க வேண்டும், கோன் அடுக்க வேண்டும், ஜனங்கள் கயிற்றைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வண்டி கொடுத்தபோதும் சொல்லித் தந்தது விழுவதற்கு. முன்பக்கம் அளவுக்கு மீறி எழும்பும்போது வண்டியைப் பின்னால் விட்டு இரண்டு காலில் இறங்கி ஓடி நிற்பது, திரும்பத் திரும்ப அதுவே. அப்புறம் பின் பிரேக்கை மட்டும் வைத்து முன் சக்கரத்தை இறக்குவது. "அண்ணா, தூக்கவே விட மாட்டேங்கிறாங்க, குதிக்கத்தான் சொல்றாங்க" என்று ஒருத்தன் கடையில் வந்து புலம்பினான். கொஞ்ச நாளில் விலகியும் விட்டான். அவனுக்கு இப்போது இன்ஸ்டாகிராமில் நல்ல கூட்டம், போலீஸ் கேஸும் ஒன்று இருக்கிறது. அப்போதே 18 முடியாமல் இருந்திருந்தால் 2019 திருத்தத்துக்குப் பிறகு அவன் அப்பாவுக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்று வருடம்வரை சிறையும் வந்திருக்கும், அதை அவர் இன்னமும் நம்ப மறுக்கிறார்.

மற்றவன் குழுவிலேயே இருக்கிறான், ஊர் ஊராகப் போகிறான். போன மாதம் டீ குடிக்கும்போது, ஷோ முடிந்து காசு கைக்கு வர இரண்டு மாதம் இழுக்கிறது, ஒரு தடவை விழுந்து மணிக்கட்டு உடைந்ததற்கு ஆஸ்பத்திரிச் செலவு பாதி தன் கையிலிருந்துதான் போனது என்று சொல்லிக்கொண்டிருந்தான். விட்டுவிடுகிறாயா என்று கேட்டதற்குப் பதில் சொல்லாமல், அடுத்த ஷோவுக்குக் கிளட்ச் கேபிள் இரண்டு எடுத்துவைக்கச் சொன்னான். வீட்டில் இன்னமும் ஷோரூமில் வேலை என்றுதான் சொல்லியிருக்கிறானாம்.