கார்வரும் கொசுறும்

அமெரிக்க சிறுகதை எழுத்தாளர் ரேமண்ட் கார்வர்னாலே எல்லாரும் சொல்றது ஒண்ணுதான், "சுருக்கமா எழுதுவாரு, ஒரு வார்த்தை அதிகமா இருக்காது". நானும் அத நம்பி, எழுதுன கதைல நல்லா வந்த வரியெல்லாம் கூட அடிச்சு அடிச்சு எலும்புக்கூடாக்கி வச்சிருந்தேன். அப்புறம்தான் தெரிஞ்சுது, அந்த கத்திரிக்கோல் பாதிக்கு மேல எடிட்டர் கையில இருந்துச்சுன்னு.

மனுஷன் பொறந்தது 1938ல, ஆரிகன்ல, வளர்ந்தது வாஷிங்டன் மாநிலத்துல யாக்கிமாங்கற ஊர்ல. அப்பாவுக்கு மரம் அறுக்குற மில்லுல ரம்பம் கூர் தீட்டுற வேலை, கூடவே குடி. இவருக்கு 19 வயசுல கல்யாணம், பொண்டாட்டி மேரியனுக்கு 16, 1958 முடியறதுக்குள்ள ரெண்டு புள்ளைங்க. அப்புறம் எங்க உக்காந்து எழுதறது? சாக்ரமெண்டோல ஒரு ஆஸ்பத்திரில நைட் ஷிஃப்ட்ல தரை துடைக்கிற வேலை பாத்திருக்காரு, சீக்கிரம் துடைச்சு முடிச்சிட்டு மிச்ச நேரத்துல எழுத்து.

ஒரு கட்டுரைல அவர் சொல்ற சீன் எனக்கு மறக்கவே மறக்காது. அயோவா சிட்டில, காசு போட்டு துணி துவைக்கிற கடை. புள்ளைங்க துணியோட அஞ்சாறு லோடு ஈரமா கையில, டிரையர் எதுவும் காலி இல்ல, கடைசியா ஒண்ணு நின்னுது, ஓடலாம்னு பாத்தா அதுக்குரிய அம்மா வந்து கைய விட்டுப் பாத்து, இன்னும் காயலன்னு மறுபடி காசு போட்டுடறாங்க. அங்கயே கண்ல தண்ணி வர்ற நிலைமை. தன் வாழ்க்கை பூரா இப்படித்தான்னு அந்த நிமிஷம் புரிஞ்சுதாம். நாவல் எழுத வருஷக்கணக்கா நேரம் வேணும், அதனாலதான் ஒரே உக்காரல்ல முடியற சிறுகதையும் கவிதையும்னு ஒதுங்குனாரு. நாம இத ஸ்டைல்னு கொண்டாடிட்டிருக்கோம்!

அப்பா மாதிரியே இவரும் குடிச்சாரு, ஆஸ்பத்திரில சேர்ற அளவுக்கு, 1977 ஜூன் 2லேருந்துதான் நிறுத்துனாரு. அதுக்கப்புறம் வந்த 1981 தொகுப்புலதான் எடிட்டர் கார்டன் லிஷ் கைவரிசை, மொத்தத்துல பாதிக்கும் மேல வெட்டிட்டாரு. இப்படி போடாதீங்கன்னு கார்வர் கெஞ்சி லெட்டர் எழுதியும் புக்கு வெட்டுனபடியே வந்துச்சு, வந்து பேரும் வாங்குச்சு, அதான் கொடுமை.

அந்தத் தொகுப்புல ஒரு கதை. ஸ்காட்டின்னு ஒரு பையன், பொறந்தநாள் அன்னிக்கு கார் மோதி ஆஸ்பத்திரில கெடக்கான், கேக்கு ஆர்டர் எடுத்த பேக்கரிக்காரரு ஒண்ணும் தெரியாம வீட்டுக்கு போன் போட்டு தொல்லை பண்றாரு. வெட்டுன வடிவத்துல போன் அடிக்குது, கதை அங்கயே கட். கார்வர் 1983ல திரும்பப் போட்ட முழுக் கதைல பையன் செத்துடறான், அப்பாவும் அம்மாவும் நடுராத்திரி பேக்கரிக்கே சண்டைக்குப் போறாங்க, அந்த ஆள் மன்னிப்பு கேட்டு உக்கார வச்சு அடுப்புலேருந்து அப்பத்தான் எடுத்த பன்னு குடுக்கறாரு, ஐசிங் கூட இன்னும் இறுகல, அந்தம்மா மூணு தின்னுடுது. விடியற வரைக்கும் உக்காந்து பேசுறாங்க. இந்த பன்னையா வெட்டுனாங்க?

அதே 1983ல ஒரு விருது, வருஷத்துக்கு 35,000 டாலர்னு 5 வருஷத்துக்கு, வேற வேலை பாக்கக்கூடாதுங்கறதுதான் கண்டிஷன். கதை எழுதுவாருன்னு குடுத்த காசு, இவரு போர்ட் ஏஞ்சலஸ்ங்கற ஊருக்குப் போய் கடல் பாத்து கடகடன்னு கவிதையா எழுதித் தள்ளுனாரு. எனக்கு அந்தக் கவிதைங்கதான் ரொம்பப் பிடிக்கும். அலங்காரம் எதுவும் இருக்காது, ஆத்தப் பத்தி, மீனப் பத்தி, அப்பாவப் பத்தி பக்கத்துல உக்காந்து பேசற மாதிரியே இருக்கும்.

1988 ஆகஸ்ட் 2, நுரையீரல் கேன்சர், வயசு 50. ரெண்டாவதா கவிஞர் டெஸ் கேலகர கல்யாணம் பண்ணி ரெண்டு மாசம் கூட முழுசா ஆகல. போர்ட் ஏஞ்சலஸ்ல அவர் கல்லறைல 'கிரேவி'ன்னு அவரோட கவிதை ஒண்ணு செதுக்கியிருக்காங்க. நம்மூர்ல கிரேவின்னா பரோட்டாவுக்கு ஊத்தறதுதான், ஆனா அவங்க ஊர் பேச்சுல எதிர்பாக்காம மேல கிடைக்கறதுக்கும் அதே வார்த்தைதான். குடிய விட்டதுக்கப்புறம் வந்த பத்து வருஷத்த அப்படித்தான் சொல்றாரு. நான் தமிழ்ல போட்டுப் பாத்தேன், 'கொசுறு'ன்னு வச்சா சரியா உக்காருது.