கிட்டார் கழுத்தில் கல் பொட்டு

ஜூன் 15, 2025, ஞாயிறு

மதுரை நரிமேட்டில் கிட்டார் வகுப்பு தொடங்கிவிட்டது. இதற்கு முன் கேட்ட ஓர் இடத்தில், "பார்க்காம எப்படிம்மா வரும்?" என்று அனுப்பிவிட்டார்கள். இந்த சார் சர்ச்சில் பாடகர் குழுவுக்கு வாசிப்பவர். பார்வையில்லாத மாணவி அவருக்கு நான்தான் முதல். சொல்லிக்கொடுக்க நிஜமான ஆசை இருக்கிறது, ஆனால் வாயில் வருவதெல்லாம் "விரலை அங்கிட்டுத் தள்ளும்மா", "அட, இவ்வளவு இல்ல, இங்கிட்டு".

கிட்டாரில் 'மேலே' என்பதும் குழப்பம்தான். சுருதி மேலே ஏறுவது கை கிட்டாரின் உடம்பை நோக்கி வரும்போது. ஆனால் மடியில் வைத்தால் மேலே இருப்பது ஆகத் தடித்த, ஆகக் கீழ்ச்சுருதியான ஆறாவது ஸ்ட்ரிங். அதனால் இருவரும் பேசி நான்கு திசை வைத்துக்கொண்டோம்: கழுத்தின் நீளவாக்கில் தலைப்பக்கம் (கிட்டாரின் தலை), உடம்புப்பக்கம்; குறுக்கே கூரைப்பக்கம், தரைப்பக்கம். பிறகு ஸ்ட்ரிங், ஃப்ரெட் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பி, தலைப்பக்கத்திலிருந்து எண்ணுவது), விரல் என்ற வரிசையில் மட்டுமே சொல்வது என்றும் முடிவானது.

"அஞ்சாவது ஸ்ட்ரிங், மூணாவது ஃப்ரெட், மோதிர விரல். நாலாவது ஸ்ட்ரிங், ரெண்டாவது ஃப்ரெட், நடு விரல். ரெண்டாவது ஸ்ட்ரிங், முதல் ஃப்ரெட், ஆள்காட்டி விரல்."

சி கார்ட் (சேர்ந்து ஒலிக்கும் சுரங்களின் கூட்டு) அவ்வளவுதான். யாரும் என் விரலைப் பிடித்து வைக்கவில்லை.

ஜூன் 19, வியாழன்

வேலை முடிந்து வந்து ஸ்ட்ரிங்குகளை வெறுமனே தடவிக்கொண்டிருந்தேன். என்னுடையது ஸ்டீல் ஸ்ட்ரிங் கிட்டார். ஆறு முதல் மூன்று வரை மெல்லிய கம்பி சுற்றியிருப்பதால் சொரசொரப்பு. இரண்டும் ஒன்றும் வழவழப்பு.

சுருதி சேர்க்கும் விதி இதுதான்: ஒரு ஸ்ட்ரிங்கின் 5-ஆவது ஃப்ரெட்டை அழுத்தினால் தரைப்பக்கம் அடுத்துள்ள ஸ்ட்ரிங்கின் திறந்த ஒலி, அதாவது எங்கும் அழுத்தாமல் மீட்டும் ஒலி, கிடைக்கும். ஒரே ஒரு விலக்கு, மூன்றிலிருந்து இரண்டுக்குப் போகும்போது 4-ஆவது ஃப்ரெட். சொரசொரப்பு முடிந்து வழவழப்பு தொடங்குவதும் அதே இடத்தில்தான்! விதி மாறும் இடத்தை விரல் தானாகச் சொல்லிவிடுகிறது. (நைலான் ஸ்ட்ரிங் என்றால் சுற்று நான்காவதோடு முடிந்துவிடும். அதில் இந்த அடையாளம் கிடைக்காது.)

ஜூலை 5, சனி

சாருடைய கிட்டாரைப் பற்றிக் கேட்டபோதுதான் தெரிந்தது: கழுத்தின் முகத்திலும் கூரைப்பக்க ஓரத்திலும் 3, 5, 7, 9, 12-ஆவது ஃப்ரெட்டுகளில் புள்ளிகள் உண்டாம். என் கிட்டாரிலும் உண்டாம். மரத்தோடு மட்டமாக இழைத்துவிடுவதால் என் விரலுக்கு அவை இல்லவே இல்லை.

அம்மா தன் பொட்டு அட்டையிலிருந்து கல் வைத்த பொட்டை எடுத்து 5, 7, 12-க்கு ஓரத்தில் ஒட்டிவிட்டார். 12-க்கு இரட்டைப் பொட்டு. கட்டைவிரல் பக்கவாட்டில் உரசும்போதே எங்கே இருக்கிறேன் என்று தெரிகிறது. மதுரை வெயிலுக்கும் கை வேர்வைக்கும் பசை எத்தனை நாள் தாங்கும் என்பது சந்தேகம். நெயில் பாலிஷைச் சொட்டாக விட்டுக் காயவைத்தால் மேடாக நிற்கும் என்கிறார் அத்தை. அதுவே நல்ல வழி.

பொட்டு ஒட்டியதைக் கேள்விப்பட்டதும் சொந்தக்காரர் ஒருவர், "பழகுனதும் எடுத்துரு, அதுதான் கெத்து" என்றார். எனக்கு அதில் உடன்பாடில்லை. கண் தெரிந்தவர்களுக்குக் கடையிலேயே புள்ளி வைத்துத்தான் கிட்டார் வருகிறது. மேடையில் வாசிப்பவர்கூட அதை அழித்துவிட்டு வாசிப்பதில்லை. என் புள்ளி கொஞ்சம் மேடாக இருக்கிறது, அவ்வளவே.

பொட்டில்லாத கிட்டார் கைக்கு வந்தாலும் ஒரு பிடி உண்டு. என்னுடையதுபோல் அகல உடம்புள்ள ஸ்டீல் கிட்டார்களில் பெரும்பாலும் 14-ஆவது ஃப்ரெட்டில் கழுத்து உடம்போடு சேரும். அங்கிருந்து தலைப்பக்கமாக இரண்டு கம்பி எண்ணினால் 12.

ஜூலை 6, ஞாயிறு

சி கார்டிலிருந்து ஏ மைனர் கார்டுக்கு மாற்றம். மோதிர விரல் மட்டும் ஐந்தாவதிலிருந்து மூன்றாவது ஸ்ட்ரிங்கின் 2-ஆவது ஃப்ரெட்டுக்குப் போகிறது. மற்ற இரண்டும் அசையவே வேண்டாம். எந்த விரல் நகராது என்று முதலில் சொல்லிவிட்டால் பாதி வேலை முடிந்தது. இனி ஒவ்வொரு மாற்றத்துக்கும் சாரிடம் இதையே முதலில் கேட்பேன்.

ஜூலை 25, ஆடி வெள்ளி

தெருமுனை அம்மன் கோயிலில் அதிகாலையிலிருந்து மைக் செட். சுருதி சேர்க்க வழியில்லை. போனில் சுருதியைப் பேசிச் சொல்லும் ட்யூனருக்கும் அம்மன் பாட்டுதான் கேட்கிறது.

தாடையைக் கிட்டாரின் உடம்பு விளிம்பில் அழுத்தி வைத்துக்கொண்டேன். எலும்பு வழியே ஒலி நேராக வருகிறது. ஆறாவதின் 5-ஆவது ஃப்ரெட்டும் திறந்த ஐந்தாவதும் இரண்டுமே 110 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 110 அதிர்வு. ஒன்று 112-இல் நின்றால் நொடிக்கு இரண்டு முறை ஒலி எழுந்து அமுங்கும். ஸ்ட்ரிங்கை முறுக்கும் திருகாணியைத் திருப்பத் திருப்ப அந்தத் துடிப்பு மெதுவாகி, பிறகு நின்றுவிடுகிறது. தாடையில் அது நின்ற கணம் உடம்பே சிலிர்த்தது. எப்போதும் சுருதியைக் குறைத்துவிட்டுக் கீழிருந்து ஏற்றி நிறுத்துவதுதான் சரி, ஸ்ட்ரிங் பிறகு தளராது.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

சின்ன வயதில் பாட்டு கற்றது இப்போது இப்படிக் கைகொடுக்கும் என்று நினைக்கவில்லை. மூன்றாவது ஸ்ட்ரிங்கின் திறந்த ஒலியை ச என்று வைத்து, மாயாமாளவகௌளை ராகத்தில், பாட்டு வகுப்பின் முதல் பாடமான சரளி வரிசையை ஒரே ஸ்ட்ரிங்கில் வாசிக்கிறேன். ரி, க, ம, ப, த, நி, மேல் ச முறையே ஃப்ரெட்டுகள் 1, 4, 5, 7, 8, 11, 12. தாவல் ஒன்று, மூன்று, ஒன்று, இரண்டு, ஒன்று, மூன்று, ஒன்று. ம, ப, மேல் ச மூன்றும் அம்மா வைத்த பொட்டுகளிலேயே வந்து விழுகின்றன.

இதில் கை கற்றுக்கொள்வது தூரத்தை. உடம்புப்பக்கம் போகப் போக ஃப்ரெட்டுகள் நெருங்கிக்கொண்டே வரும். 648 மி.மீ. ஸ்ட்ரிங் நீளத்தில் முதல் ஃப்ரெட்டின் இடைவெளி சுமார் 36 மி.மீ., 12-ஐத் தாண்டினால் சரிபாதி, 18. ரி-யிலிருந்து க-வுக்கும் த-விலிருந்து நி-க்கும் மூன்று ஃப்ரெட்தான். ஆனால் முன்னது சுமார் 97 மி.மீ., பின்னது 65. எண்ணிக்கொண்டு போனால் கை இதைப் பிடிக்காது. க-வை மனதுக்குள் பாடிக்கொண்டு கையை விட்டால் போய்ச் சேருகிறது. ஆள்காட்டி விரலாலேயே எல்லாவற்றையும் வாசிப்பது இந்தப் பயிற்சிக்கு முக்கியம். மற்ற விரல்கள் உதவிக்கு வந்தால் தூரம் மறைந்துவிடும்.

இன்னொன்று: 12-ஆவது கம்பிக்கு நேர் மேலே, அழுத்தாமல் தொட்டு மீட்டினால் மணி போன்ற ஒலி. நூலளவு விலகினாலும் மங்கிவிடும். ஸ்ட்ரிங்கின் சரிபாதி அது. 7-லும் 5-லும் தொட்டாலும் இப்படி மணி ஒலி வரும். கழுத்தில் நான் எங்கே நிற்கிறேன் என்ற கேள்விக்கு இதைவிடத் துல்லியமான பதில் கண்ணுக்கும் கிடைக்காது.

ஆகஸ்ட் 23, சனி

ஒத்தக்கடையிலிருந்து ஒரு தம்பி, பத்தாவது படிக்கிறான், அவனுக்கும் பார்வை இல்லை. யாரோ கிட்டார் கொடுத்திருக்கிறார்கள், சொல்லித்தர ஆளில்லை. அவனுக்கு வாய்ஸ் மெசேஜ் பதிந்தேன்.

"தம்பி, ஈ மைனர். கூரைப்பக்கம் இருக்கிறது ஆறாவது ஸ்ட்ரிங். தரைப்பக்கமா ஒண்ணு இறங்கு, அது அஞ்சாவது. தலைப்பக்கத்திலிருந்து ஒரு கம்பியைத் தாண்டி, ரெண்டாவது கம்பிக்கு ஒட்டுனாப்புல நடு விரல். அதுக்கு அடுத்த நாலாவது ஸ்ட்ரிங்ல, அதே ஃப்ரெட்ல மோதிர விரல். ஆறையும் மீட்டு. அடுத்து ஏ மைனர்: அந்த ரெண்டு விரலும் சேர்ந்தாப்புல தரைப்பக்கமா ஒரு ஸ்ட்ரிங் இறங்கட்டும். ரெண்டாவது ஸ்ட்ரிங், முதல் ஃப்ரெட்ல ஆள்காட்டி விரல். இதுல ஆறாவதை விட்டுட்டு அஞ்சாவதிலிருந்து மீட்டு."

சாயங்காலம் வாசித்து அனுப்பியிருந்தான். ஈ மைனர் சுத்தம். ஏ மைனரில் ஒரு ஸ்ட்ரிங் மட்டும் கிர்ரென்றது, இரண்டாவது. விரல் கம்பியிலிருந்து தலைப்பக்கமாகத் தள்ளி இருந்தால் வரும் ஒலி அது. கம்பியின் மேலேயே ஏறியிருந்தால் கிர்ரென்காது, அமுங்கிப்போகும்.

"ஆள்காட்டி விரலை மட்டும் உடம்புப்பக்கமா நகர்த்து தம்பி, கம்பி தட்டுற வரைக்கும்" என்று அனுப்பினேன். நாளைக்கு சி. மோதிர விரல் மட்டும் நகரும்.