அப்பாவின் இடுப்பளவு
நேற்று சுங்கை சிப்புட்டில் அப்பாவை கிளினிக்குக்கு அழைத்துப் போனேன். பால்மரம் வெட்டிய காலத்தில் ஒட்டிய வயிறு அவருக்கு. இப்போது இடுப்பு 102 சென்டிமீட்டர். நம் ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 தாண்டினாலே கவனிக்க வேண்டும்.

வயிற்றுக்குள் உறுப்புகளைச் சுற்றிச் சேரும் கொழுப்பு இன்சுலினைச் சரியாக வேலை செய்ய விடாது. சர்க்கரை ஏறும், அப்புறம் இரத்த அழுத்தமும். இரண்டும் சேர்ந்து சிறுநீரகத்தின் நுண்ணிய வடிகட்டிகளைக் கெடுக்கும். ஆரம்பத்தில் வலியே இருக்காது, அதுதான் எனக்குப் பயம். அப்பாவுக்குச் சிறுநீரில் அல்புமின் என்ற புரதம் கசிவது பரிசோதனையில்தான் தெரிந்தது. நல்லவேளை, ஆரம்ப நிலை.

இனிப்பு நீர் (சர்க்கரை நோய்) உள்ளவர்கள் வருடம் ஒரு முறையாவது இந்தப் பரிசோதனையையும், இரத்தத்தில் சிறுநீரகம் வடிகட்ட வேண்டிய கழிவான கிரியேட்டினின் அளவையும் கேட்டுப் பாருங்கள். தே தாரிக் கடை அண்ணன்மார்களே, உங்களுக்கும்தான் சொல்கிறேன்.