பார்த்தேன், சொல்லவில்லை

விண்வெளி வீரர் தேர்வின் மூன்றாவது கட்டத்தில் வெளியே வந்துவிட்டேன். விண்வெளி உடையில் படம் எதுவும் இருக்காது என்பதால் அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் 2021 மார்ச் இறுதியில் புதிய வீரர்களுக்கான விண்ணப்பங்களைத் திறந்தது. அதற்கு முந்தைய தேர்வு 2008-இல் தொடங்கியது. 2021-இல் எனக்கு 38 வயது. கருவிகளை வெற்றிடக் கலங்களில் வைத்துச் சோதிப்பது என் வேலை. கேட்ட தகுதிகள் என்னிடம் இருந்தன: உறுப்பு நாட்டுக் குடியுரிமை, முதுகலைப் பட்டம், மூன்றாண்டு அனுபவம், ஆங்கிலம், ஐம்பதுக்குள் வயது. இல்லாதது தனியார் விமானிகளுக்குக் கேட்கும் இரண்டாம் வகுப்பு மருத்துவச் சான்றிதழ் மட்டும்தான். மே 28 என்று இருந்த கடைசி நாளை ஜூன் 18 வரை நீட்டினார்கள். அந்த மூன்று வாரம் கிடைக்காமல் போயிருந்தால் சான்றிதழ் என் கைக்கு வந்தே இருக்காது. இனி விண்ணப்பிக்க நினைப்பவர்கள் முதலில் மருத்துவரிடம் நாள் வாங்கிவிடுங்கள். கடிதம் எழுதுவதெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

மொத்தம் 22,523 பேர் விண்ணப்பித்தார்கள். இரண்டாம் கட்டத்துக்கு 1,300-க்குச் சற்று மேற்பட்டவர்களைக் கூப்பிட்டார்கள். அந்த மின்னஞ்சலை நான் நான்கு முறை படித்தேன்.

வீரர்களிடம் கூர்ந்த கவனிப்பும் தெளிவான முடிவெடுக்கும் திறனும் எதிர்பார்க்கப்படும் என்று எங்கே பார்த்தாலும் எழுதியிருக்கும். கவனிப்பு என்றால் நிறையப் பார்ப்பது என்று புரிந்துகொண்டு, ஒரு படத்தை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு அதில் இருந்ததையெல்லாம் பட்டியலிடுவேன். ஒரு வாரத்தில் பட்டியல் நீண்டதே தவிர வேறு பயன் இல்லை.

பிறகுதான் நிலவுக்குப் போன அப்போலோ வீரர்களுக்குப் புவியியல் கற்றுக்கொடுத்த விதத்தைப் படித்தேன். களத்தில் ஒரு பாறை முன்னால் நின்று, பார்ப்பதை வானொலியில் சொல்ல வேண்டும். மறுமுனையில் இருக்கும் புவியியலாளர்களுக்கு அந்த இடம் கண்ணில் படாது. வீரர் சொல்வதை வைத்துத்தான் அவர்கள் அதை மனத்தில் கட்டிக்கொள்ள வேண்டும். சரி, இதையே செய்து பார்ப்போம் என்று ஒரு கல்லை எடுத்துக்கொண்டு அடுத்த அறையில் உட்கார்ந்து மனைவிக்குத் தொலைபேசியில் அழைத்தேன். நான் சொல்லச் சொல்ல அவள் வரைய வேண்டும்.

"எரிமலைக் கல் மாதிரி இருக்கு" என்று ஆரம்பித்தேன்.

"மாதிரின்னா அதை எப்படிங்க வரையறது?"

அங்கேயே மாட்டிக்கொண்டேன். நான் சொன்னது கண்ணில் பட்டது அல்ல, நானாக முடிவு கட்டியது. கருப்பு, உள்ளங்கை அகலம், ஒரு பக்கம் முழுக்க ஊசிமுனை அளவு துளைகள், மறுபக்கம் வழவழப்பு என்று சொல்லியிருந்தால் அவள் வரைந்திருப்பாள். கல் எரிமலையிலிருந்து வந்ததா என்பதை அப்புறம் யோசித்திருக்கலாம். இரண்டு மாதம் இந்த விளையாட்டு நடந்தது. அவள் வரைந்த முதல் பத்துக் கற்களும் செருப்பு போலத்தான் இருந்தன, அதற்கு நான்தான் காரணம்.

1972 டிசம்பரில் அப்போலோ 17 பயணத்தில் ஹாரிசன் ஷ்மிட் நிலவில் ஆரஞ்சு நிற மண்ணைப் பார்த்த கதை பலருக்குத் தெரிந்திருக்கும். அவர் புவியியலாளர். கண்டதும் ஆரஞ்சு என்று கூவினார் என்பதோடு பெரும்பாலும் கதையை முடித்துவிடுவார்கள். எனக்குப் பிடித்தது அதற்கடுத்த நொடி. தலைக்கவசத்தின் வெயில் மறைப்பைத் தூக்கிவிட்டு இன்னொரு முறை பார்த்தார். நிறம் மண்ணில் இருக்கிறதா, கண்ணுக்கும் மண்ணுக்கும் நடுவில் இருக்கும் கண்ணாடியில் இருக்கிறதா? மறைப்பைத் தூக்கிய பிறகும் ஆரஞ்சாகவே இருந்தது. அந்த மண், பழைய எரிமலைச் சீற்றத்தில் தெறித்த நுண்ணிய கண்ணாடி மணிகள் என்று பிற்பாடு ஆய்வகத்தில் தெரிந்தது.

இரண்டாம் கட்டம் ஹாம்பர்கில், நாள் முழுக்கக் கணினி முன்னால். கேள்விகளைச் சொல்லமாட்டேன், பின்னால் வருபவர்களுக்கு அது நியாயமில்லை. ஆனால் வகைகள் ஒன்றும் ரகசியமில்லை. மனக்கணக்கு, காதில் விழும் எண்களை நினைவில் வைப்பது, மனத்துக்குள் ஒரு கனசதுரத்தை உருட்டி அதன் புள்ளி எந்தப் பக்கம் வந்திருக்கிறது என்று சொல்வது, ஒரு வேலையைச் செய்துகொண்டே இன்னொன்றின் மேல் கண் வைப்பது. கனசதுரத்தில் ஒரு திருப்பத்தைத் தவறவிட்டேன். அதைத் தேடிப் பிடிக்கப் போய் அடுத்த மூன்றும் போயின. நல்லவேளை, அதற்குப் பிறகு விட்டது விட்டதுதான் என்று நகரத் தெரிந்துகொண்டேன்.

மூன்றாம் கட்டத்துக்கு ஏறக்குறைய 400 பேர். உளவியல் நேர்காணல்களும் குழுப் பயிற்சிகளும் இங்கேதான். நான் கோட்டைவிட்டதும் இங்கேதான். பயிற்சியின் விவரங்களை மாற்றித்தான் சொல்கிறேன்.

நாங்கள் ஐந்து பேர். தொலைவில் இருக்கும் ஒரு முகாமுக்குச் சரக்கு அனுப்பும் திட்டத்தை அரை மணி நேரத்தில் போட வேண்டும். ஆளுக்கு ஒரு தகவல் தாள், சுவரில் எல்லோருக்கும் பொதுவான ஓர் அட்டவணை. வண்டியின் மின்கலம் எட்டு மணி நேரம் தாங்கும் என்றது அட்டவணை, என் தாளில் ஆறு என்று இருந்தது. மூன்றாவது நிமிடத்திலேயே அது கண்ணில் பட்டுவிட்டது. பென்சிலால் அடிக்கோடு கூடப் போட்டேன். அச்சுப்பிழையாக இருக்கும், மற்றவர்களும் பார்த்திருப்பார்கள், பேச்சு நன்றாகப் போகும்போது குறுக்கிட வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

இருபதாவது நிமிடத்தில் எதிரே இருந்த பெண் கையைத் தூக்கினார். "எனக்கு ஓர் எண் பொருந்தவில்லை. ஏன் என்று தெரியவில்லை. ஆனால் இது தெரியாமல் மேலே போக வேண்டாம்" என்றார். அவர் தாளில் நேரமே இல்லை, தூரமும் வேகமும் மட்டுமே இருந்தன. அதிலிருந்து கணக்குப் போட்டுக் கண்டுபிடித்திருக்கிறார். உடனே நான் என் தாளைக் காட்டினேன். திட்டம் முழுவதும் கலைந்தது. மீதி நேரத்தில் அரைகுறையாக ஒன்றை ஒட்டவைத்தோம்.

மறுநாள் நேர்காணலில் உளவியலாளர் என் தாளை மேசைமேல் வைத்தார்.

"இந்தக் கோட்டை எப்போது போட்டீர்கள்?"

"மூன்றாவது நிமிடத்தில்."

"ஏன் சொல்லவில்லை?"

"அச்சுப்பிழை என்று நினைத்தேன்."

"எதை வைத்து?"

பதில் இல்லை. வெயில் மறைப்பைத் தூக்கிப் பார்த்த ஷ்மிட்டை இரண்டு மாதம் எல்லோருக்கும் கதையாகச் சொன்னவன் நான்.

ஊருக்குத் திரும்பும் ரயிலில் இத்தாலிய விண்வெளி வீரர் லூக்கா பார்மிடானோதான் நினைவில் இருந்தார். 2013 ஜூலை 16 அன்று விண்வெளி நிலையத்துக்கு வெளியே வேலை செய்தபோது அவருடைய தலைக்கவசத்துக்குள் தண்ணீர் கசிந்தது. ஏறக்குறைய ஒன்றரை லிட்டர். எடையில்லாத இடத்தில் தண்ணீர் கீழே வடியாது, முகத்தில் ஒட்டிக்கொள்ளும். கண்ணும் மூக்கும் மூடிக்கொள்ள, பாதுகாப்புக் கயிற்றின் இழுப்பை வைத்தே திசை பிடித்து நுழைவறைக்குத் திரும்பினார். அந்த நிதானத்தைத்தான் எல்லோரும் பேசுகிறோம். ஆனால் ஒரு வாரம் முன்பு, ஜூலை 9 அன்று நடந்த பணியிலும் அதே கவசத்தில் தண்ணீர் இருந்தது. பார்த்தார்கள், பேசினார்கள். குடிநீர்ப் பையிலிருந்து வந்திருக்கும் என்று முடிவு கட்டி அடுத்த பணிக்கு அனுப்பினார்கள். தண்ணீர் வந்தது குளிரூட்டும் அமைப்பிலிருந்து. விசாரணைக் குழு அழுத்திச் சொன்னதும் அந்த முதல் முடிவைப் பற்றித்தான்.

அவர்கள் கண்ணில் எந்தக் குறையும் இல்லை. குடிநீர்ப் பை என்பது நம்பும்படியான காரணம். என் அச்சுப்பிழையும் அப்படித்தான். கையில் ஒரு காரணம் கிடைத்துவிட்டால் அதன் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்கத் தோன்றுவதில்லை. ஒன்றுமே புரியாமல் போயிருந்தால் நானும் கையைத் தூக்கியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

சில வாரங்களில் கடிதம் வந்தது. இரண்டு பத்தி, மரியாதையான நடை, காரணம் எதுவும் இல்லை. அந்த அடிக்கோடுதான் என்னை வெளியேற்றியது என்று சொல்லமாட்டேன். எதை வைத்து என்று யாராவது கேட்டால் மறுபடியும் முழிக்க வேண்டியிருக்கும்.

2022 நவம்பர் 23 அன்று தேர்வான 17 பேரைப் பாரிஸில் அறிவித்தார்கள். நேரலையில் பார்த்தேன். மனைவியும் பக்கத்தில் இருந்தாள். "அடுத்த தடவை எப்போங்க?" என்றாள்.

2008, 2021. இடையில் பதின்மூன்று ஆண்டுகள். அதே இடைவெளியில் வந்தால் 2034. அப்போது எனக்கு 51.