ஆள் வேண்டும், குடும்பம் வேண்டாம்

மக்கள்தொகை என்றாலே எல்லாரும் பிறப்பு விகிதத்தைப் பிடித்துக்கொள்கிறார்கள். அரசாங்கங்களை அதைவிட ஆட்டிவைப்பது, வேலைக்கு வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் திரும்பிப் போனார்களா என்பதுதான் என்று எனக்குத் தோன்றும்.

ஜெர்மனியைப் பாருங்கள். போருக்குப் பிறகு ஆலைகளில் ஆள் போதவில்லை. 1955-இல் இத்தாலியோடும் 1961-இல் துருக்கியோடும் ஒப்பந்தம் போட்டு ஆட்களை வரவழைத்தார்கள். சில ஆண்டு உழைத்துவிட்டு ஊர் திரும்பிவிடுவார்கள் என்பது கணக்கு. 1973-இல் எண்ணெய் நெருக்கடி வந்ததும் ஆள் எடுப்பதை நிறுத்தினார்கள். நடந்ததோ நேர்மாறு! ஒருமுறை போய்விட்டால் மறுபடி உள்ளே விடமாட்டார்கள் என்ற பயத்தில் பலர் அங்கேயே தங்கி, மனைவி மக்களையும் அழைத்துக்கொண்டார்கள். அப்புறம் என்ன, பள்ளிக்கூடம், வீடு, மொழிப் பயிற்சி என்று கொள்கையெல்லாம் அவர்கள் பின்னால் ஓட வேண்டியதாயிற்று. அங்கேயே பிறந்த பிள்ளைக்குப் பிறப்பாலேயே குடியுரிமை என்ற சட்டம் வர 2000 ஆகிவிட்டது. அதற்கும், பெற்றோரில் ஒருவர் 8 ஆண்டு சட்டப்படி வசித்திருக்க வேண்டும் என்று 2024 வரை நிபந்தனை இருந்தது.

ஜப்பான் இன்னும் உஷார். 2019 ஏப்ரலில் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்காகக் கொண்டுவந்த விசாவின் முதல் வகையில் 5 ஆண்டு வரை வேலை பார்க்கலாம், குடும்பத்தைக் கூட்டிவர முடியாது. அங்குள்ள முதியவரைக் குளிப்பாட்டிச் சோறூட்ட ஆள் வேண்டும். அந்த ஆளின் குழந்தை மட்டும் வேறு நாட்டில் வளர வேண்டும். சட்டப்படி சரிதான், எனக்கு மனம் ஒப்பவில்லை.

சீனா வேறு வழியில் போகிறது: உள்ள ஆட்களையே இன்னும் சில ஆண்டு வேலையில் வைத்துக்கொள்வது. 2025 ஜனவரியிலிருந்து ஆண்களின் ஓய்வு வயதை 60-இலிருந்து 63-க்குப் படிப்படியாக உயர்த்துகிறார்கள். பெண்களுக்கும் உயர்கிறது.