கெவேஸனும் வனவாசமும்

தங்கை மகள் நர்சிங் முடித்துவிட்டு ஜெர்மனி போவதற்காகப் படிக்கிறாள். ராத்திரியானால் எங்கள் முத்தியால்பேட்டை வீட்டு மாடியில் ஒப்பிக்க ஆரம்பித்துவிடுவாள். "இஷ் பின், டூ பிஸ்ட், எர் இஸ்ட்... வார்... கெவேஸன்." 30 வருடம் தமிழ் இலக்கணம் நடத்தியவன் நான். தட்டில் தோசை ஆறினாலும் காது மாடிக்குத்தான் போகும்.

"எல்லாமே 'இரு'தானாம் மாமா. ஒரே வினைக்கு இத்தனை மூஞ்சியா?" என்றாள் ஒருநாள்.

ஒரு வினை இல்லை, மூன்று. நம் 'வா' வரு, வந்து என்று உடை மாற்றினாலும் ஆள் ஒருவர்தான். அங்கே மூன்று பேர் ஒரே சட்டைக்குள். 'இஸ்ட்', 'இருக்கிறது' என்று பொருள்படும் சமஸ்கிருத 'அஸ்தி'யின் உறவு. 'நாத்திகன்' (ந + அஸ்தி, இல்லை என்பவன்) என்ற சொல்லுக்குள்ளும் அதுதான் இருக்கிறது. 'பின்' கொஞ்சம் கலப்படம், அதன் முதலெழுத்து மட்டும் 'பூதம்' என்பதில் வரும், ஆகுதல் என்று பொருள்படும் 'பூ' வேரிலிருந்து வந்தது. பள்ளியில் நான் மனப்பாடம் செய்த பிரெஞ்சு 'ஃப்யூ'வும் (இருந்தான்) அந்த வீட்டுப் பிள்ளைதான்.

எனக்குப் பிடித்தது மூன்றாவது. இறந்தகாலத்துக்கான 'வார்', 'கெவேஸன்' இரண்டும் பழைய 'வெஸன்' வினையிலிருந்து வந்தவை. அதன் வேருக்குத் தங்குதல் என்று பொருள். வனவாசத்தில் உள்ள 'வாச'மும் அதே வேர். ராமன் காட்டில் 14 வருடம் 'கெவேஸன்'! நாமும் "எங்க இருக்கீங்க?" என்றுதானே வீட்டைக் கேட்கிறோம்? இருப்பிடம் என்ற சொல்லே அப்படி வந்ததுதான்.

"சரி, கெவேஸன்ல ஸ, வார்ல மட்டும் ஏன் ர?"

கெட்டிக்காரி. பழைய ஜெர்மனில் அவன் இருந்தான் என்பதற்கு 'வஸ்', அவர்கள் இருந்தார்கள் என்பதற்கு 'வாருன்'. ஆதியில் பன்மையில் அழுத்தம் விகுதியில் விழுந்ததால், நடுவிலிருந்த 'ஸ' மெலிந்து பிறகு 'ர' ஆனது. வேத மொழியின் அழுத்தத்தோடு ஒப்பிட்டு இதைக் கண்டுபிடித்தவர் டென்மார்க்கின் கார்ல் வெர்னர். கட்டுரை வெளிவந்தது 1877இல். ஆங்கிலம் அந்தப் பழைய சண்டையை 'வாஸ்', 'வேர்' என்று இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறது. ஜெர்மன்காரர்கள் பன்மையின் 'ர'வைப் பின்னாளில் ஒருமைக்கும் கொடுத்துவிட்டார்கள். 4ஆம் நூற்றாண்டு விவிலிய மொழிபெயர்ப்பில் கிடைக்கும், ஜெர்மனுக்கு உறவான பழைய கோதிக் மொழியில் நேர் எதிர்: 'வஸ்', 'வேஸும்' என்று இரண்டிலும் 'ஸ'தான்.

"இதெல்லாம் பரீட்சையில வருமா மாமா?"

வராது என்றேன். "இஷ் வார், டூ வார்ஸ்ட்" என்று முணுமுணுத்தபடி மாடியேறிவிட்டாள்.